பக்கத்து டவரில் நம் செல்போன் பேசுமா?

தோட்டத்து வரப்பில் நின்று பார்த்தால் டவர் தெரிகிறது. நடந்தால் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் கையில் இருக்கும் செல்போனில் சிக்னல் இல்லை. "கண்ணுக்கு எதிரே டவர் நிற்கிறது, பேச மட்டும் முடியவில்லையே, ஏன்?" என்று பல கிராமங்களில் பல வருடங்களாக விவசாயிகள் கேட்டு வருகிறார்கள்.

காரணம் எளியது. அந்த டவரில் உள்ள கருவி ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நம் போனில் உள்ள சிம் கார்டு வேறு கம்பெனியுடையது. இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே உடன்படிக்கை இல்லாதவரை, டவர் பக்கத்திலேயே நின்றாலும் நமக்கு அது இல்லாத டவர்தான். உடன்படிக்கை ஏற்பட்டுவிட்டால், புதிதாக ஒரு கம்பிகூட நடாமல் அதே டவரிலிருந்து நம் போனும் பேசும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ரோமிங் என்று பெயர்.

செல்போன் இன்று விவசாயிக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் வீட்டிலிருந்தபடியே மோட்டாரைப் போடுவதற்கு அது வேண்டும். லாரி ஏற்றும் முன் சந்தை விலையைக் கேட்பதற்கு வேண்டும். பி.எம். கிசான் உதவித் தொகைக்கு ஆதார் சரிபார்க்கும்போது ஓ.டி.பி. எண் அதில்தான் வரும். பாம்பு தீண்டியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி அழைப்பதும் அதன் மூலம்தான். ஆகவே, சிக்னல் எப்படி எட்டுகிறது, எங்கே நிற்கிறது, அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதை விவசாயிகள் தெரிந்துவைத்திருப்பது அவசியமாகும்.

கோபுரம் வேறு, கருவி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாம் டவர் என்று சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, இரும்புக் கோபுரம். அதோடு சேர்ந்த பேட்டரி, டீசல் ஜெனரேட்டர், சுற்றுவேலி ஆகியவை. மற்றொன்று, கோபுரத்தின் மேல் கட்டியிருக்கும் ஆன்டெனாவும் அதனுடன் இணைந்த ரேடியோ கருவியும். நம் போனுடன் பேசுவது இரண்டாவது பகுதிதான்.

கோபுரத்தை மட்டும் வாடகைக்கு விடும் கம்பெனிகள் நம் நாட்டில் பல உள்ளன. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று கம்பெனிகள் தங்கள் ஆன்டெனாக்களைக் கட்டிக்கொள்ளும். இது ஒரே களத்துமேட்டை மூன்று பேர் பயன்படுத்துவது போன்றது. களம் பொது; தானியம் அவரவருடையது. இது ரோமிங் ஆகாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கருவியைத் தன் செலவில் கட்டியாக வேண்டும்.

ரோமிங் என்பது இதற்கு அடுத்த படி. கருவியே ஒரு கம்பெனியுடையதாக இருக்கும். அதில் மற்றக் கம்பெனியின் வாடிக்கையாளர்களும் பேசிக்கொள்ள அனுமதி கிடைக்கும். பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றிலிருந்து, பேசி முடித்த கணக்குப்படி நம் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்வதைப் போன்றது இது. கிணறும் மோட்டாரும் அவருடையவை. தண்ணீர் நம் பயிருக்கு வருகிறது. அதற்கான பணத்தை நம் கம்பெனி அவருடைய கம்பெனிக்குக் கொடுக்கிறது.

போன் டவரைத் தேடும் விதம்

ஒவ்வொரு டவரும் தான் எந்தக் கம்பெனியைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் எண்ணை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. சிம் கார்டுக்குள்ளும் 15 இலக்கங்கள் வரை கொண்ட ஓர் அடையாள எண் பதிந்திருக்கிறது. நாம் பேசும் 10 இலக்க எண் வேறு, இது வேறு. இதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 என்பவை. அடுத்து வரும் இலக்கங்கள் கம்பெனியைக் குறிக்கும்.

போனைப் போட்டதும், சொந்தக் கம்பெனியின் எண்ணை ஒலிபரப்பும் டவர் கிடைக்கிறதா என்று அது தேடும். கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் வேறு கம்பெனியின் டவரிடம் போய், "எனக்கு இடம் உண்டா?" என்று கேட்கும். அந்தக் கம்பெனி, போனின் சொந்தக் கம்பெனியை உடனே விசாரிக்கும். "இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா? இவருக்கு ரோமிங் உண்டா?" என்பதே விசாரணை. சொந்தக் கம்பெனி ஒரு ரகசியக் கணக்கை அனுப்பிச் சிம் கார்டைச் சோதிக்கும். சிம் சரியான விடை சொன்னால் கதவு திறக்கும். இவ்வளவும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

உடன்படிக்கை இல்லை என்றால் அந்த டவர் கதவை அடைத்துவிடும். போனும் அந்தக் கம்பெனியின் பெயரைத் தனது "போகக்கூடாத இடம்" என்ற பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளும். அப்போது திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்ற வாசகம் தோன்றும்.

இந்த வாசகத்தை விவசாயிகள் கவனமாகப் பார்க்க வேண்டும். "சேவை இல்லை" என்று போன் சொன்னால், போனுக்கு எட்டும்படி எந்த டவரும் அங்கே இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். "அவசர அழைப்பு மட்டும்" என்று சொன்னால், டவர் எட்டுகிறது, ஆனால் அது வேறு கம்பெனியுடையது என்று பொருள். முதல் ஊருக்குத் தேவை புது டவர். இரண்டாவது ஊருக்குத் தேவை ரோமிங் உடன்படிக்கை. மனு எழுதும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினால்தான் அதிகாரிகள் சரியான நடவடிக்கை எடுக்க முடியும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்கவும். "அவசர அழைப்பு மட்டும்" என்று இருக்கும் இடத்தில் 112 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் செல்போன்கள் இந்த எண்ணை அவசர எண்ணாக அறிந்திருப்பதால், எந்தக் கம்பெனி டவர் கிடைத்தாலும் அதன் வழியே அழைப்பை அனுப்ப முயலும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இது பொது எண். வீட்டில் சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

கம்பெனிகளுக்குள் கணக்கு

ரோமிங் உடன்படிக்கையில் எந்தெந்தப் பகுதியில் அனுமதி, பேச்சு மட்டுமா, குறுஞ்செய்தியும் இன்டர்நெட்டும் சேர்த்தா, நிமிடத்துக்கும் டேட்டா அளவுக்கும் என்ன விலை என்பவையெல்லாம் எழுதப்பட்டிருக்கும். யாருடைய வாடிக்கையாளர் யாருடைய டவரில் எவ்வளவு பேசினார் என்பது கம்ப்யூட்டரில் பதிவாகும். குறித்த காலத்துக்கு ஒரு முறை இரு தரப்பும் கணக்குப் பார்த்துக்கொள்ளும். நடவுக்கு நாங்கள் உங்கள் வயலுக்கு வந்தோம், நீங்கள் எங்கள் வயலுக்கு வந்தீர்கள், கடைசியில் மிஞ்சியது இத்தனை ஆள் கூலி என்று கிராமத்தில் பேசித் தீர்ப்பது போலத்தான். மிச்சத் தொகையை மட்டும் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பார்.

இதில் இரு தரப்புக்கும் லாபம் உண்டு. டவர் இல்லாத கம்பெனிக்குப் புது டவர் கட்டும் செலவு மிச்சம். டவர் வைத்திருக்கும் கம்பெனிக்கு, இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் கருவியிலிருந்து கூடுதல் வருமானம். 200 வீடுகள் உள்ள மலைக் கிராமத்தில் மூன்று கம்பெனிகள் மூன்று கருவிகளை வைத்தால் மூன்றும் நஷ்டப்படும். ஒரு கருவியை மூன்று பேர் பங்கிட்டால் அது கட்டுப்படியாகும். குறைந்த மக்கள் வசிக்கும் இடங்களில் ரோமிங் சிறப்பாகப் பயன்படுவது இதனால்தான்.

மாநிலம் விட்டும், மாநிலத்துக்குள்ளும்

நம் நாட்டில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நடந்தது. நாடு பல தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டத்துக்கு வட்டம் தனி லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. இன்று 22 வட்டங்கள் உள்ளன. ஒரு வட்டத்துச் சிம்முடன் அடுத்த வட்டத்துக்குப் போனால் அது ரோமிங். ஓசூர், குமுளி, செங்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு இது பழக்கமானது. வயல் இந்த மாநிலத்தில் இருக்கும். போன் அடுத்த மாநிலத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் வரும் அழைப்புக்கும் காசு போனது. பி.எஸ்.என்.எல். 2015 ஜூன் 15 முதல் ரோமிங்கில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. பின்னர் மற்றக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன.

நம் கிராமப் பிரச்சினைக்கு மருந்து இதுவல்ல. ஒரே வட்டத்துக்குள், ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் மற்றொரு கம்பெனியின் டவரில் பேசும் ஏற்பாடுதான் மருந்து. இதை வட்டத்துக்குள் ரோமிங் என்று சொல்லலாம். நம் நாட்டில் இதற்கு 2008-ல் அனுமதி தரப்பட்டது. ஆனாலும் வழி சீராக இருக்கவில்லை.

2010-ல் 3ஜி அலைவரிசை ஏலம் விடப்பட்டது. எந்தத் தனியார் கம்பெனிக்கும் 22 வட்டங்களிலும் அலைவரிசை கிடைக்கவில்லை. ஆகவே ஏர்டெல், வோடபோன், ஐடியா ஆகிய கம்பெனிகள், உனக்கு இல்லாத வட்டத்தில் என் டவர், எனக்கு இல்லாத வட்டத்தில் உன் டவர் என்று உடன்படிக்கை செய்துகொண்டன. அலைவரிசை வாங்காத வட்டத்தில் 3ஜி சேவை விற்பது தவறு என்று கூறி, 2011 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை இதை நிறுத்தச் சொன்னது. வழக்கு நடந்தது. 2014 ஏப்ரல் 29-ல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் கம்பெனிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பங்கிடுவதற்கு டவர் மட்டும் போதாது, சட்டமும் இடம் கொடுக்க வேண்டும் என்பது இந்த வழக்கால் விளங்கியது.

பங்கு கொடுக்கத் தயங்குவது ஏன்?

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் எல்லாக் கம்பெனிகளும் எல்லா டவர்களையும் திறந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அதற்கு மறுபக்கமும் உண்டு. "மற்றவர்கள் போகாத காட்டுக்குள் நான் முதல் போட்டு டவர் கட்டினேன். அந்த ஊர் மக்கள் என் சிம் வாங்கட்டும் என்பதற்காகவே கட்டினேன். அதைப் போட்டிக் கம்பெனிக்கும் திறந்துவிட்டால், நான் கட்டியதில் என்ன பயன்? அடுத்த டவரை யார் கட்டுவார்கள்?" என்று கம்பெனிகள் கேட்கின்றன.

இந்தக் கேள்வி பெரிய பண்ணைகள் நிறைந்த ஆஸ்திரேலியாவிலும் எழுந்தது. அங்கே கிராமப் பகுதியில் அதிக டவர்கள் வைத்திருப்பது டெல்ஸ்ட்ரா என்ற கம்பெனி. அதன் டவர்களில் மற்றவர்களுக்கும் கட்டாயமாக இடம் தர வேண்டுமா என்று அந்நாட்டுப் போட்டி, நுகர்வோர் ஆணையம் 1998, 2005, 2017 ஆகிய வருடங்களில் மூன்று முறை விசாரித்தது. மூன்று முறையும் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது. கட்டாயப்படுத்தினால் கம்பெனிகள் புது டவர் கட்டும் ஆர்வம் குறைந்துபோகக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அண்டை நாடான நியூசிலாந்து வேறு வழியில் போனது. அங்குள்ள மூன்று செல்போன் கம்பெனிகளும் 2017-ல் அரசின் உதவியுடன் கிராமங்களுக்கென்று ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்தன. பண்ணைப் பகுதிகளில் இந்த நிறுவனம் ஒரு டவரையும் ஒரு கருவியையும் வைக்கிறது. மூன்று கம்பெனிகளின் போன்களும் அதில் பேசுகின்றன.

இரண்டு நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடம். ரோமிங், இருக்கும் டவரைப் பலருக்குப் பங்கிடும். இல்லாத டவரை அது உண்டாக்காது. தனியார் சொந்தப் பணத்தில் வெட்டிய கிணற்றை எல்லோருக்கும் திறக்கச் சொன்னால் தகராறு வரும். ஊர்ப் பணத்தில் வெட்டிய கண்மாய்த் தண்ணீர் ஒரு வயலுக்கு மட்டும் பாய்ந்தால் அதுவும் தகராறுதான். பொதுப் பணத்தில் கட்டும் டவரைப் பொதுவாக வைப்பதே நியாயம்.

பொதுப் பணத்தில் கட்டிய டவர்

நம் நாட்டில் இந்த நியாயம் 2025-ல் நடைமுறைக்கு வந்தது. செல்போன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம், கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கென்று ஒரு நிதிக்குப் போகிறது. 2002-ல் தொடங்கிய இந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். கம்பெனிகள் இதை நாம் ரீசார்ஜ் செய்யும் பணத்திலிருந்துதான் கட்டுகின்றன. ஆகவே இதில் ஒவ்வொரு விவசாயியின் காசும் இருக்கிறது.

லாபம் வராது என்று கம்பெனிகள் ஒதுக்கிய கிராமங்களில் இந்த நிதியிலிருந்து மானியம் கொடுத்து டவர்கள் கட்டப்பட்டன. ஆனால் டவரைக் கட்டிய கம்பெனியின் சிம் வைத்திருப்பவர் மட்டுமே அதில் பேச முடிந்தது. மற்றவர்களுக்கு அந்த டவர் காட்சிப் பொருளாகவே நின்றது.

2025 ஜனவரி 17-ல் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, இந்த நிதியில் கட்டிய 4ஜி டவர்களில் வட்டத்துக்குள் ரோமிங் வசதியைத் தொடங்கி வைத்தார். பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ ஆகிய மூன்று கம்பெனிகள் இதில் சேர்ந்தன. சுமார் 27,000 டவர்கள் மூலம் 35,400-க்கு மேற்பட்ட கிராமங்களுக்கு இந்த வசதி எட்டும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. இந்த டவர்களில், கட்டிய கம்பெனி எதுவானாலும், சேர்ந்துள்ள மற்றக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களும் 4ஜி சேவையைப் பெறலாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்த வசதி நிதியின் உதவியால் கட்டிய டவர்களுக்கே பொருந்தும். நாட்டிலுள்ள எல்லா டவர்களுக்கும் அல்ல. இரண்டு, இது 4ஜி சேவைக்கானது. பழைய 2ஜி போன் வைத்திருப்பவருக்கு இதனால் பயன் இல்லை.

புயலும் வெள்ளமும் வந்தால்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது தென்னை மட்டும் சாயவில்லை; மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் இல்லாத இடங்களில் செல்போன்களும் ஊமையாயின. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாக் கம்பெனி டவர்களும் ஒன்றாக விழுவதில்லை. ஒன்று விழுந்திருக்கும், ஒன்று நின்றிருக்கும். நிற்கும் டவரை எல்லோருக்கும் திறந்துவிட்டால் மக்கள் உயிரைக் காக்கலாம்.

2020 மே மாதம் ஆம்பன் புயல் மேற்கு வங்காளத்தைத் தாக்கியபோது இவ்வாறு வட்டத்துக்குள் ரோமிங் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் வெள்ளம் வந்தபோதும், செப்டம்பர் 2 வரை எந்தக் கம்பெனி டவரிலும் பேசலாம் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

முன்கூட்டியே ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கனடா நாடு சாட்சி. 2022 ஜூலை 8-ல் அங்கு ராஜர்ஸ் கம்பெனியின் சேவை நாடு முழுவதும் நின்றுபோனது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவசர எண்ணைக்கூடப் பலரால் கூப்பிட முடியவில்லை. அதன் பிறகு, அரசின் வற்புறுத்தலின்பேரில், அந்த வருடம் செப்டம்பரில் பெரிய கம்பெனிகள் அவசர கால ரோமிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் போனையும் ஒரு பவர் பாங்க்கையும் முழுவதும் சார்ஜ் செய்து வைக்கவும். சிக்னல் தேடும் போன் வழக்கத்தைவிட வேகமாக பேட்டரியைத் தின்றுவிடும். சிக்னல் அறவே இல்லாதபோது போனை அணைத்து வைத்து, இடையிடையே போட்டுப் பார்ப்பது நல்லது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

ரோமிங் வசதி ஊருக்கு வந்திருந்தும், போனில் ஒரு சிறு விஷயத்தைச் சரியாக வைக்காததால் பலர் அதைப் பெறாமல் இருக்கக்கூடும். கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்கவும்.

1. போனில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய், மொபைல் நெட்வொர்க் என்ற இடத்தில் நெட்வொர்க் தேர்வு ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா என்று பார்க்கவும். ஒரு கம்பெனியின் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் போன் மற்ற டவர்களைத் தேடாது.

2. அதே இடத்தில் டேட்டா ரோமிங் என்பதைப் போட்டு வைக்கவும். இது அணைந்திருந்தால் பேச்சு வந்தாலும் இன்டர்நெட் வராமல் போகலாம். ஆனால் வெளிநாடு செல்லும்போது இதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய தொகை கழிந்துவிடும்.

3. போனும் சிம்மும் 4ஜி வகையாக இருக்க வேண்டும். பழைய சிம்மாக இருந்தால் கம்பெனியின் சேவை மையத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளவும். எண் மாறாது.

4. 4ஜியில் பேசுவதற்கு வோல்ட்டி என்ற வசதி வேண்டும். அது செட்டிங்ஸில் அணைந்திருந்தால் போட்டுவிடவும். பட்டன் போன் வாங்குவோர், 4ஜியும் வோல்ட்டியும் உள்ளதா என்று கடையில் கேட்டு வாங்கவும்.

5. எல்லாம் சரியாக இருந்தும் சிக்னல் வராவிட்டால், போனை ஒரு முறை அணைத்துப் போடவும். புதிதாகத் தேட இது உதவும்.

6. சொந்தக் கம்பெனி டவரிலிருந்து ரோமிங் டவருக்கு மாறும்போது நடுவில் பேச்சு அறுபடக்கூடும். இது போனின் கோளாறு அல்ல. சில நிமிடம் பொறுத்து மறுபடி கூப்பிடவும்.

7. உங்கள் ரீசார்ஜ் திட்டத்தில் ரோமிங் அடங்கியிருக்கிறதா என்று கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. செல்போன் மூலம் மோட்டாரைப் போடும் கருவிகளிலும் ஒரு சிம் இருக்கிறது. பல கருவிகள் 2ஜியில் வேலை செய்பவை. 4ஜி ரோமிங் வந்தாலும் அவற்றுக்குப் பயன் இராது. புதிதாக வாங்குவோர், கிணற்றடியில் எந்தக் கம்பெனியின் எந்த வகை சிக்னல் கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்து, அதற்கேற்ற கருவியை வாங்கவும். அதிலுள்ள சிம்மையும் மறக்காமல் ரீசார்ஜ் செய்து வர வேண்டும்.

ரோமிங்கால் தீராத குறைகள்

சில குறைகளுக்கு ரோமிங் மருந்தாகாது. மலை மறைக்கும் பள்ளத்தில் எந்தக் கம்பெனியின் அலையும் இறங்காது. அங்கு வேறு இடத்தில் டவர் வேண்டும். மின்தடையின்போது பேட்டரி தீர்ந்து டவர் அணைந்தால், அதைப் பங்கிடும் எல்லாக் கம்பெனிகளின் போன்களும் சேர்ந்தே அணையும். ஒரு டவரில் மூன்று கம்பெனிகளின் கூட்டம் சேர்ந்தால் இன்டர்நெட் வேகம் குறையலாம்.

உடன்படிக்கைகள் பணத்தின்மேல் நிற்பவை என்பதையும் மறக்கக்கூடாது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிம்கள் செயலிழந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கடன் சுமையில் இருந்த அந்தக் கம்பெனிக்கும் கோபுரங்களை வாடகைக்கு விட்ட நிறுவனத்துக்கும் ஏற்பட்ட பணத் தகராறில் ஆயிரக்கணக்கான டவர்கள் நின்றுபோயின. வங்கி, ஆதார், உர மானியம் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தவர்கள் சிரமப்பட்டார்கள். இரண்டு சிம் போடும் போன் வைத்திருப்போர், தங்கள் வயலில் எட்டும் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சிம்களை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இரண்டிலும் குறைந்தபட்ச ரீசார்ஜ் இருக்கட்டும்.

ஊராகக் கேட்டால் கிடைக்கும்

தனி ஆளாகப் புகார் செய்வதைவிட ஊராகச் சேர்ந்து கேட்பது பலன் தரும். முதலில் ஒரு சிறு கணக்கெடுப்பு செய்யவும். ஊரில் எந்தெந்த இடத்தில், எந்தக் கம்பெனியின் சிக்னல், எத்தனை கோடு கிடைக்கிறது, எங்கே "சேவை இல்லை", எங்கே "அவசர அழைப்பு மட்டும்" என்று ஒரு தாளில் எழுதவும். படித்த பிள்ளைகள் ஒரே நாளில் இதைச் செய்துவிடுவார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவின்படி, கம்பெனிகள் தங்கள் சிக்னல் எட்டும் பகுதிகளின் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் ஊருக்குச் சிக்னல் உண்டு என்று வரைபடம் சொல்லி, வயலில் வராவிட்டால், அதையும் குறித்துக்கொள்ளவும்.

பிறகு 198 என்ற எண்ணில் உங்கள் கம்பெனியிடம் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளவும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். புகார் எண் இல்லாமல் மேல்முறையீடு செய்வது கடினம்.

ஊரில் உள்ள டவர் பொதுநிதியில் கட்டியதா என்று விசாரிக்கவும். அப்படியானால், "இந்த டவரில் எல்லாக் கம்பெனிகளுக்கும் ரோமிங் திறக்கப்பட்டதா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. கணக்கெடுப்புத் தாளை இணைத்து, அங்கே தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்பலாம். "எங்கள் ஊரில் சிக்னல் இல்லை" என்று மொத்தமாக எழுதுவதைவிட, "எங்கள் ஊரில் இன்ன கம்பெனியின் டவர் உள்ளது, மற்ற இரண்டு கம்பெனிகளின் சிம் வைத்திருக்கும் இத்தனை குடும்பங்களுக்கு அதில் அனுமதி இல்லை" என்று எழுதும் தீர்மானத்துக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் தாமதமானால், வயலில் நன்றாக எட்டும் கம்பெனிக்கு எண்ணை மாற்றாமலே மாறிவிடலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதற்கான குறியீட்டு எண் வரும். மாறுமுன், அந்தக் கம்பெனியின் சிம் வைத்திருக்கும் பக்கத்துக் காட்டுக்காரரை அழைத்து, உங்கள் கிணற்றடியில் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்னல் கிடைப்பது உறுதியான பின்பே எண்ணை மாற்றவும்.